எலி பேட் முதல் கம்பிக் கூண்டு வரை: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்

ஹார்டுவேர் கடைக்குப் போய் "வீட்டுல எலித் தொல்லை" என்று சொன்னால், கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் புத்தகம் போல மடித்த ஓர் அட்டையைத்தான். எலி பேட், எலி புக், பசை அட்டை என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். பிரித்தால் உள்ளே இரண்டு பக்கமும் தேன் நிறத்தில் கெட்டியான பசை. விலை சுமாராக 50 முதல் 150 ரூபாய். விஷம் இல்லை, சத்தம் இல்லை, ரத்தம் இல்லை, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது என்று சொல்லி விற்கிறார்கள். விஷம் இல்லை என்பது மட்டும் உண்மை.

வீட்டில் எலி இருக்கக் கூடாது என்று நினைப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அரிசியைக் கெடுக்கும், ஃபிரிட்ஜின் பின்னால் ஒயரைக் கடிக்கும், அதன் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் வரும். அதை வெளியேற்ற எதை வாங்குகிறோம், வாங்கியதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி. சந்தையில் கிடைப்பவற்றை இரண்டு கேள்விகளோடு இங்கே பார்க்கலாம். வேலை செய்கிறதா? அந்த உயிரை எவ்வளவு நேரம் வதைக்கிறது? எதில் வதை அதிகமோ அதுவே வேலையிலும் மட்டமாக இருப்பதைப் பார்க்கலாம்.

பசை அட்டை

இதில் இருப்பது பெரும்பாலும் பாலிபியூட்டீன் வகைப் பசை. காற்றில் காயாது, நாள்கணக்கில் பிசுபிசுப்பு போகாது. எலி நடு அறையில் ஓடாது. மீசை சுவரில் உரச, சுவரோரமாகவே போகும். அந்த வழியில் அட்டையைப் போட்டால் முதலில் முன்காலில் ஒன்று ஒட்டும். அதை இழுக்க மற்ற காலை ஊன்றும், அதுவும் ஒட்டும். பக்கவாட்டில் சாயும்போது வயிறும் தாடையும் போய்ப் பதியும்.

பசை கொல்லுவதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சாவு வருவது களைப்பில், தாகத்தில், அல்லது மூக்கு பசையில் அடைபட்டு மூச்சுத் திணறி. அதற்குப் பல மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு நாளையும் தாண்டும். அதற்குள் ரோமத்தோடு தோல் பிய்யும், கால் எலும்பு முறியும், ஒட்டிய காலைத் தானே கடித்துக்கொள்ளும். ரத்தம் இல்லை, சத்தம் இல்லை என்ற பேச்செல்லாம் இரவு இரண்டு மணிக்கு அந்தக் கீச்சுக் குரல் கேட்கும்வரைதான்.

காலையில் பார்த்தால் எலி உயிரோடு இருக்கும். இனி என்ன செய்வது என்று வாங்கியவருக்குத் தெரியாது. பலர் அட்டையை அப்படியே மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். மீதி வேதனை அங்கே நடக்கும். பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கைக்கு அது போய்ச் சேரும்.

கருவி என்ற அளவிலும் இது தேறாது. அட்டைமேல் தூசியோ மாவோ படிந்தால் ஒட்டும் திறன் போய்விடும். கோடையில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் பசை இளகி ஒருபக்கமாக வழியும். சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஈரத்தில் வைத்தால் அட்டை ஊறிப் பல்லாங்குழியாகும். சுண்டெலி மாட்டும். ஆனால் கால் கிலோ எடையுள்ள எலியும் அதைவிடப் பெரிய பெருச்சாளியும் அட்டையையே இழுத்துக்கொண்டு பரண் மூலைக்குப் போய்விடும். நாலு நாள் கழித்து நாற்றத்தை வைத்துத்தான் அது கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

பசைக்கு யார் வருகிறார்கள் என்ற கணக்கும் கிடையாது. முதலில் கரப்பானும் பூச்சிகளும் ஒட்டும். அவற்றைப் பிடிக்கப் பல்லி வந்து ஒட்டும். பல்லி துடிப்பதைப் பார்த்துப் பூனைக்குட்டி கால் வைக்கும். மொட்டை மாடியிலோ வாசல் பக்கமோ வைத்தால் அணில், சிட்டுக்குருவி, எலியைத் தேடி வரும் சாரைப்பாம்பு வரை மாட்டும். எலியைக் குறைக்க வரும் பாம்பையே பிடித்துக் கொடுப்பதற்குக் காசு தருகிறோம்.

சுகாதாரக் காரணம் சொல்லி இதை வாங்குபவர்களுக்கு ஒன்று. எலிக்காய்ச்சல் கிருமி வெளியேறுவது சிறுநீரில். மாட்டிக்கொண்ட எலி பயத்தில் சிறுநீரும் புழுக்கையும் கழிக்கும், அதுவும் மூடியே இல்லாத அட்டையில், அடுப்படித் தரையில். கடிக்கக்கூடிய நிலையில் இருக்கும் ஒரு விலங்கைத் திறந்த பலகையில் வைத்துத் தூக்க வேண்டிய கட்டாயம் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது? தேவையற்ற வேதனை தருவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். இந்தச் சட்டம் வரக் காரணமாக மாநிலங்களவையில் குரல் எழுப்பியவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. பசைப் பொறிகளைத் தடுக்கும்படி அந்த வாரியம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பல மாநிலங்கள் தடை உத்தரவும் போட்டிருக்கின்றன. நியூசிலாந்தில் 2015 முதல் சிறப்பு அனுமதி இல்லாமல் இவற்றை விற்கவோ பயன்படுத்தவோ முடியாது. வேல்ஸ் 2023இல் முழுக்கத் தடை செய்தது. இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் மட்டுமே பயன்படுத்தலாம். நம் சட்டத்திலோ முதல் முறை குற்றத்துக்கு 1960இல் எழுதிய அபராதம் இன்னும் அப்படியே நிற்கிறது: 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். அட்டையின் விலையே அதைவிடக் கூடுதல்.

மதிப்பெண் கேட்டால் பூஜ்யம்தான்.

ஏற்கெனவே ஓர் உயிர் அட்டையில் ஒட்டியிருந்தால்

இழுக்காதீர்கள். இழுத்தால் தோல் வரும், பல்லிக்கு வால் போகும். தண்ணீர் ஊற்றுவதும் வீண், இந்தப் பசை தண்ணீரில் கரையாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், டர்பன்டைன் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துவிடும், நக்கினால் உள்ளே போய் விஷமாகும். தேவையானது சமையல் எண்ணெய் அரை டம்ளர், பஞ்சு, ஐஸ் குச்சி, பழைய துணி, கெட்டியான கையுறை.

முதலில் மிச்சமிருக்கும் பசைப் பரப்பு முழுவதையும் செய்தித்தாள் துண்டுகளால் மூடுங்கள், இல்லையென்றால் இதோ எழுந்த கால் மறுபடி ஒட்டும். விலங்கின் தலைமேல் மெல்லிய துணியைப் போடுங்கள். இருட்டானால் துடிப்பு குறையும், கடியும் குறையும். எண்ணெயைக் கொட்டாமல், தோலும் பசையும் சேரும் விளிம்பில் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு மூன்று நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு ஐஸ் குச்சியை அடியில் படுக்கவைத்து, நெம்பாமல், தேய்த்தபடியே நகர்த்துங்கள். மூக்கும் வாயும் பசையில் இருந்தால் அங்கிருந்து தொடங்கி, கடைசியில் கால்களுக்கு வர வேண்டும். ஒரு சுண்டெலிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். பல்லிக்குப் பஞ்சுக் குச்சி போதும், விரல் ஒவ்வொன்றாக. விடுபட்டதும் உடலில் மிஞ்சிய பிசுக்கின்மேல் கொஞ்சம் அரிசி மாவைத் தூவினால் மண்ணும் குப்பையும் அப்பிக்கொள்ளாது.

பறவை என்றால் கதை வேறு. எண்ணெய் பட்ட இறகு உடல் சூட்டைக் காக்காது. பசையிலிருந்து எடுத்தபின் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பாம்பு என்றால் நீங்கள் கை வைக்கவே கூடாது. தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

கம்பிக் கூண்டு

முந்நூறிலிருந்து அறுநூறு ரூபாய் ஆகும், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது கண்ணி அளவு. சுண்டெலி 6 மில்லிமீட்டர் சந்தில் நுழைந்துவிடும். பெரிய கண்ணிக் கூண்டில் அது உள்ளே வந்து, வடையைத் தின்று, நன்றி சொல்லாமல் பக்கவாட்டில் இறங்கிப் போகும். இரண்டாவது கதவு. விழுந்தபின் அதைக் கீழிருந்து விரலால் தூக்கிப் பாருங்கள். தூக்க முடிந்தால் எலியும் மூக்கால் தூக்கும், அதனால் பூட்டுக் கொக்கி இருப்பதாகப் பார்த்து எடுங்கள். மூன்றாவது உள்பக்கக் கம்பி முனைகள். வெட்டிய முனை நீட்டிக்கொண்டிருந்தால் எலி வெளியே வர முட்டி முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். கடையிலேயே விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கலாம், வீட்டில் அரத்தால் தேய்த்தும் விடலாம்.

பழைய மரப்பெட்டிப் பொறியும் இதே வேலையைச் செய்யும். உள்ளே இருட்டு, மூக்கு கிழியாது. சுண்டெலிக்கு அதுதான் இன்னும் நல்லது. பெரிய எலி மட்டும் ஒரே இரவில் பலகையைக் கொறித்துவிடும்.

"கூண்டு வைச்சேன், எலி விழவே இல்லை" என்பதுதான் இதைப் பற்றி அதிகம் கேட்கும் புகார். கோளாறு பெரும்பாலும் கூண்டில் இல்லை. எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம். நேற்று இல்லாத பெட்டி இன்று இருந்தால் நாலைந்து நாள் சுற்றி வளைத்துப் போகும். சுண்டெலிக்கு அந்தப் பயம் குறைவு, முதல் இரவே விழும். அதனால் முதல் மூன்று இரவுகள் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வையுங்கள், தீனி மட்டும் போடுங்கள். தீனி தொடர்ந்து காணாமல் போகத் தொடங்கியதும் கட்டை அவிழ்த்துப் பொறியை ஏற்றுங்கள். நீளவாக்கில் சுவரை ஒட்டி, புழுக்கை கிடக்கும் தடத்தில் வைக்க வேண்டும்.

தீனிக்கு மசால் வடையை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பது ஊரறிந்தது. அன்றைக்குப் போட்டதாக இருக்கட்டும். சுட்ட தேங்காய்ச் சில்லு, வறுத்த வேர்க்கடலை, கருவாட்டுத் துண்டு எல்லாமே வேலை செய்யும். கொக்கியில் செருகினால் மட்டும் போதாது, நூலால் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். உருவித் தின்ன முடியாமல் எலி இழுக்கும், அந்த இழுப்பில்தான் கதவு விழும்.

கூண்டு வதைக் கருவியாக மாறுவது அதற்குப் பிறகுதான், நம் கையில். மாட்டிய எலிக்குச் சில மணி நேரம் தாங்கத் தீனி வேண்டும். ஒரு பிடி பொரியையும் வெள்ளரிக்காய்த் துண்டையும் உள்ளே போடுங்கள், வெள்ளரியில் தண்ணீர் இருக்கிறது. கூண்டின் முக்கால் பாகத்தைச் சாக்கால் மூடுங்கள். இருட்டு இருந்தால் கம்பியில் முட்டாது. மாடியில் வெயில்படும் இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனால் மாலையில் வெந்து செத்துக் கிடக்கும். படுக்கும் முன் ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை பார்க்க முடியாதவர்கள் அன்றிரவு பொறியை ஏற்ற வேண்டாம்.

உள்ளே கிடப்பது எலிதானா என்றும் பாருங்கள். மூக்கு நீண்டு, கண் கடுகளவு, கிட்டப் போனால் நாற்றம், கீச்சென்று ஒரே கத்தல் என்றால் அது மூஞ்சூறு. எலி இனமே இல்லை. ஒயரைக் கடிக்காது, அரிசி மூட்டையை ஓட்டை போடாது, கரப்பானும் பூச்சியும்தான் அதன் சாப்பாடு. அதன் உடல் வேகமாக எரிசக்தியைச் செலவழிக்கும். பட்டினியை அதிக நேரம் தாங்காது. பார்த்த நிமிடமே வாசல் பக்கம் திறந்துவிடுங்கள். அதை அடித்துக் கொன்றுவிட்டு மறுவாரம் கரப்பானுக்கு ஸ்பிரே வாங்கும் வீடுகள் ஏராளம்.

பிடித்தபின் என்ன செய்வது? கூண்டோடு வாளித் தண்ணீரில் முக்குவதுதான் நம் ஊர் வழக்கம். "சட்டுனு முடிஞ்சுடும்" என்கிறார்கள். முடியாது. எலி நன்றாக நீந்தும் விலங்கு, மூச்சை அடக்கும், நிமிடக்கணக்கில் போராடும். நீரில் மூழ்கடிப்பதை வேதனையற்ற சாவாக ஏற்க முடியாது என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் கருணைக்கொலை வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. வெந்நீர் ஊற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரையில் கொண்டுபோய் விடுவதும் நினைக்கிற அளவுக்கு நல்ல காரியம் அல்ல. வளை தெரியாத, தீனி தெரியாத இடத்தில் விட்ட எலியைக் காக்கையோ நாயோ அன்றைக்கே முடித்துவிடும். பக்கத்துத் தெருக் காலிமனையில் விட்டால் அடுத்தவர் வீட்டுக்கு அனுப்பி வைத்ததாகும். வீட்டுக்கு அருகே புதர் உள்ள இடத்தில், அந்திக்குப் பிறகு, அது உள்ளே வந்த ஓட்டையை அடைத்துவிட்டு விடுவதுதான் இருப்பதில் நல்ல வழி. வயிற்றில் முலைக்காம்புகள் ரோமம் விலகித் தடித்துத் தெரிந்தால் குட்டி போட்ட எலி. எங்கேயோ கந்தல் துணிக்குள் குட்டிகள் கிடக்கும். அடைக்கும் முன் பரணையும் பழைய பெட்டிகளையும் தேடிப் பாருங்கள்.

அடிப்பொறி

கொன்றுதான் ஆக வேண்டும் என்ற நிலையில், சரியாக அமைந்த அடிப்பொறி பசையையும் விஷத்தையும் வாளியையும்விட எவ்வளவோ மேல். கம்பி கழுத்திலோ மண்டையிலோ விழுந்தால் நொடிகளில் முடிந்துவிடும். காலிலோ முதுகிலோ விழுந்தால்தான் கொடுமை, அப்படி நடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுத் தவறு. சுண்டெலிக்கான சிறிய பொறியைப் பெரிய எலிக்கு வைத்தால் நசுக்கும், கொல்லாது. ஸ்பிரிங் துருப்பிடித்த பழைய பொறியும் அப்படித்தான். ஏற்றி, பென்சிலால் தட்டிப் பாருங்கள். பென்சிலில் ஆழமாகப் பள்ளம் விழவில்லை என்றால் தூக்கிப் போடலாம். விரலால் சோதிக்க வேண்டாம்.

பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனிப் பக்கம் சுவரைத் தொடும்படி வையுங்கள். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் எலி தலையைத்தான் முதலில் நீட்டும். திறந்த இடத்தில் வைக்காமல், இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட பெட்டிக்குள் வைத்தால் அணிலும் பூனையும் குழந்தையின் விரலும் தப்பும். கம்பி எழும்ப மேலே இடம் விட வேண்டும். உயிரோடு அரைகுறையாக மாட்டியிருந்தால் பார்க்கச் சகிக்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போவதுதான் இருப்பதிலேயே பெரிய கொடுமை. தலையில் பலமாக ஒரே அடியில் முடித்துவிடுங்கள்.

விஷக் கட்டியும் சத்தப் பெட்டியும்

0.005 சதவீத புரோமடியோலோன் கட்டிதான் கடைகளில் அதிகம். தின்ற எலி அன்றே சாகாது. ரத்தம் உறையாமல் உள்ளுக்குள் கசிந்து மூன்றிலிருந்து ஏழு நாளில் சாகும். அந்த நாள்களில் பகலிலேயே தள்ளாடி நடக்கும், பூனைக்கும் கூகைக்கும் எளிதாக அகப்படும், விஷம் அவற்றுக்கும் போகும். வயலில் ஆந்தை வந்து உட்காரட்டும் என்று டி வடிவக் குச்சி நட்டுவிட்டு, அதே வரப்பில் விஷம் வைத்தால் குச்சி நட்ட கூலி வீண். வீட்டு நாய் தின்றுவிட்டால் அறிகுறி தெரிய மூன்று நாளுக்கு மேல் ஆகலாம், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். அதுவரை காத்திருக்காமல் உறையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். இதற்கு வைட்டமின் கே1 மாற்றுமருந்து உண்டு. துத்தநாகப் பாஸ்பைடுக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்டுக்கும் அதுவும் கிடையாது, வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாதவை.

பிளக்கில் செருகும் அல்ட்ராசவுண்ட் பெட்டி யாரையும் வதைக்காது, எலியை விரட்டவும் செய்யாது. அந்த ஒலி சுவரையோ அலமாரியையோ தாண்டாது. எலிகள் சில நாளில் பழகிவிடும். ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001இலேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பவர்களையும் எச்சரித்தது. இங்கே இன்னும் நன்றாகவே விற்கிறது.

உண்மையில் வாங்க வேண்டியது

அதே ஹார்டுவேர் கடையில், பசை அட்டை தொங்கும் கொக்கிக்கு நாலடி தள்ளிச் சுருட்டி வைத்திருக்கும் கால் அங்குல ஜி.ஐ. வலை. இரண்டு மீட்டர் போதும். கூடவே ஒரு கிலோ சிமெண்ட், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் நாலு உருண்டை, கதவடிக்கு அலுமினியப் பட்டை. வெறும் நாரைத் திணித்தால் எலி பிடுங்கி எறியும், சாதா இரும்பு நார் மழைக்காலத்தில் துருவாகி உதிரும். நாரைத் திணித்து அதன்மேல் சிமெண்ட் பூச வேண்டும். ஃபோம் ஸ்பிரே எலிக்குக் கேக் மாதிரி.

சுண்டெலிக்கு உங்கள் சுண்டுவிரல் நுழையாத சந்துகூடப் போதும். ஏசி குழாய் போகும் துளை, கேஸ் குழாய் வரும் துளை, தொட்டிக்கு அடியில் கழிவுக்குழாய் இறங்கும் இடம், குளியலறை ஜாலி, கதவடி, மாடியைத் தொடும் முருங்கைக் கிளை. பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக்கு இந்த ஆறு வழிதான். கிளையைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வெட்டுங்கள். அரிசியும் நாய்த் தீனியும் மூடி போட்ட தகர டின்னுக்குப் போகட்டும்.

எல்லா ஓட்டையையும் ஒரே நாளில் அடைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. உள்ளே இருக்கும் எலி வெளியே போக வழியில்லாமல் ஃபால்ஸ் சீலிங்கில் பட்டினி கிடந்து சாகும், நாற்றம் இரண்டு வாரம் நிற்கும். அதனால் ஒன்றைத் தவிர மற்றவற்றை முதலில் அடையுங்கள். மிச்சம் வைத்த ஓட்டையின் உள்பக்கம் கூண்டை வையுங்கள். ஓட்டையில் செய்தித்தாள் உருண்டை ஒன்றைத் தளர்வாகச் செருகுங்கள். காலையில் உருண்டை தள்ளிக் கிடந்தால் போக்குவரத்து இன்னும் இருக்கிறது, திரும்பச் செருகுங்கள். புழுக்கையை விளக்குமாற்றால் உலர்வாகக் கூட்டாமல், ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவைத்துக் கையுறையோடு துடையுங்கள். உருண்டை நாலு நாள் அசையாமல் இருந்து, வீட்டுக்குள்ளும் புதுப் புழுக்கை விழவில்லை என்றால் அன்றைக்குச் சிமெண்ட் குழைக்கலாம்.